கோமதி 5-ஆ என்று நீ எழுதிய படங்கள்

முருகேசா,

உன் இன்லண்டு லெட்டர் வியாழக்கிழமை வந்தது. பம்பாயில் மழை விட்டபாடில்லை என்றும், ரூம் மாற்றிவிட்டாய் என்றும் எழுதியிருந்தாய். சந்தோஷம். நான் ரிட்டயர் ஆகிவிட்டதால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், ஹால் சுவரில் இருக்கும் படங்களை என்ன செய்வது என்று அம்மா உன்னைக் கேட்கச் சொன்னாள் என்று நான் எழுதியிருந்ததற்குக் கடைசியில் ஒரு வரி பதில் போட்டிருந்தாய். "பழைய பேப்பர்தானே அப்பா, எடைக்குப் போட்டுவிடுங்கள்." அம்மாவுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். "படத்தப் பத்தி ஒண்ணும் எழுதலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, ஜன்னல் பக்கம் போய்த் தானே எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தாள்.  மறுநாள் காலையில் ஒரு சொம்பில் தண்ணீரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி, படங்களை ஒவ்வொன்றாக நனைத்து உரிக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்ததை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் உனக்குப் புரியாது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நடந்ததில் பாதி உனக்குத் தெரியும், பாதி எனக்குத் தெரியும். அம்மாவிடம் இருந்த பாதி எனக்கே போன வாரம்தான் தெரிந்தது. மூன்றையும் சேர்த்து எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்க வேண்டியது. நீ ஊருக்கு வந்து இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. வந்தபோதும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாய். நாம் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் டிக்கெட் ரிசர்வேஷனைப் பற்றித்தான்.

உன் அக்கா கோமதி படம் வரைவாள் என்பது உனக்கு நினைவிருக்கும். அவளுக்குப் பேப்பர் கொண்டுவந்தது நான். நிலக்கரி மைன்ஸில் என் செக்ஷனில் கன்வேயர் பெல்ட்டுக்கு ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் ஒரு ரிப்போர்ட் எழுதுவோம். ஒரு பக்கம் மட்டும்தான் அச்சு. பழைய மாதிரி ரிப்போர்ட் பாரம் மாறியபோது கட்டுக்கட்டாக மிஞ்சியதை ஆபீசில் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் இரண்டு கட்டு சைக்கிள் கேரியரில் வைத்து எடுத்துவந்தேன். அதன் வெள்ளைப் பக்கம் முழுக்க உன் அக்காவின் ராஜ்ஜியம். சக்கரத்தில் பக்கெட் கட்டி மண் வெட்டும் பெரிய மிஷின், அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி, பிளாக்கில் இருக்கிற மே பிளவர் மரங்கள், பக்கத்து வீட்டு ஆடு. சூரியனுக்கு மட்டும் எப்போதும் மீசை வைத்துவிடுவாள். ஏன் என்று கேட்டால், "அது அப்பா" என்பாள். இடது கைக்காரி. சாப்பிட மட்டும் வலது கை, அதுவும் அம்மா திட்டித் திட்டி வந்தது. வரைந்து முடித்ததும் கீழே வலது மூலையில் 'கோமதி 5-ஆ' என்று வகுப்பையும் சேர்த்து எழுதுவாள். அம்மா மைதாப் பசை காய்ச்சி ஹால் சுவரில் ஒட்டுவாள். குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, பசைக்குத் தடையில்லை என்பது அம்மாவின் சட்டம்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். அவளுக்குப் பத்து வயது, உனக்கு ஏழு. உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். நீ திரும்பி வந்தபோது வீட்டில் ஊரிலிருந்து வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள், அக்கா இல்லை. உன்னை மடியில் வைத்து யாராவது விவரமாகச் சொன்னார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் பதினாறாம் நாள் முடிந்து போனார்கள். வீட்டில் நாம் மூன்று பேர். அம்மா காலையில் எழுந்து ஹாலில் அந்தச் சுவருக்கு எதிரே உட்காருவாள். நான் ஷிப்ட் முடிந்து வரும்போதும் அங்கேயே இருப்பாள். சமையல் உண்டு, குழம்பும் சோறும் மூடி இருக்கும். அவள் சாப்பிட்டாளா என்றால் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், தானாக ஒரு வார்த்தை பேச மாட்டாள். தை மாதம் மெயின்டனன்ஸ்காரர்கள் வெள்ளையடிக்க வந்தார்கள். பக்கத்து ஊர் வடக்குத்திலிருந்து காண்ட்ராக்டில் வந்த ஒரு அம்மாள், வாளியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். "படமெல்லாம் கிழியாம பாத்து உரிச்சிக்கினு அடிக்கிறோம்மா, அப்பறம் நீங்க ஒட்டிக்குங்க" என்றாள். அம்மா போய்ச் சுவரை மறித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெளியே இருந்தவனிடம், "இந்த வூட்ல இந்தச் செவுத்த வுட்டுட்டு மத்ததுல்லாம் அடிடா" என்று சொல்லிவிட்டாள். மூன்று சுவர் வெள்ளையாகவும் ஒன்று பழுப்பாகவும் நம் ஹால் ஆனது அன்றுதான்.

அந்த நாட்களில் நீயும் வரைந்துகொண்டிருந்தாய். நான் அதைக் கவனித்தவன் இல்லை. ஒரு நாள் நீ ஒரு ரயில் படத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாய். "அங்க வையிடா" என்றாள், திரும்பிப் பார்க்காமல். நீ ஸ்டூல் மேல் வைத்தாய். இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் நானே அதை எடுத்து, கொதித்த பாலை இறக்கி வைக்கச் சட்டிக்கு அடியில் போட்டேன். நீ சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்தாய் என்பது எனக்கு அப்போதே தெரியும். ஏதோ சொல்லியிருக்கலாம். ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள் பஸ்ட் ஷிப்ட் முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வருகிறேன், அம்மா வாசலில் நிற்கிறாள். கையில் ஒரு படம். "இதப் பாத்தீங்களா? அவ பூகோள நோட்டுக்குள்ள இருந்துச்சு. நாம பாக்கவே இல்ல." மண் வெட்டும் மிஷின். அதன் சக்கரத்தில் பக்கெட்டுக்குப் பதிலாக மஞ்சள் பூ இதழ்கள். மூலையில் 'கோமதி 5-ஆ'. அம்மா பசை காய்ச்சினாள். ஒட்டினாள். பிறகு எனக்குச் சோறு போட்டுவிட்டுத் தானும் ஒரு தட்டை எடுத்துவைத்து என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கால் கழுவும்போது உன் விரல் நகத்தில் மெழுகுக் கலர், அதே மஞ்சள், ஒட்டியிருந்தது.

அன்றைக்கு உன்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்து மண்மேடு தெரிகிற ரோடு வரைக்கும் கூட்டிப்போனேன். நீ வழியெல்லாம் பெல்லை அடித்துக்கொண்டே வந்தாய், ரொம்ப நாள் கழித்து அப்பா வெளியே கூட்டிப்போகிறார் என்று. இறக்கிவிட்டு, "அந்தப் படத்த நீதான வரைஞ்ச?" என்றேன். உன் முகம் சுருங்கிவிட்டது. அடிப்பேன் என்று நினைத்தாய். "அம்மா என் படத்த ஒட்டவே மாட்டேங்குதுப்பா. அக்கா படம்னாதான் ஒட்டுது" என்றாய். ஏழு வயதுப் பிள்ளை சொல்கிற வார்த்தையா அது? அதைக் கேட்ட எந்தத் தகப்பனும் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், இவன் படம்டீ இது, இவன் பேரைப் போட்டு ஒட்டு என்று சொல்லியிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குத் தெரியும். "அம்மா இன்னைக்குச் சாப்பிட்டா பாத்தியா? இன்னொண்ணு வரையிறியா?" என்று கேட்டேன்.

நீ தலையாட்டினாய். உன் கண்ணில் வந்த சந்தோஷம்தான் என்னை இன்றைக்கும் வதைக்கிறது. அப்பாவும் நீயுமாக ஒரு ரகசியம். அதன்பிறகு மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு. நீ வரைவாய், நான் ஒளித்துவைப்பேன். டிரங்குப் பெட்டியில் விரித்த பேப்பருக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், அவள் பழைய பாவாடை மடிப்பில். அம்மா கண்டுபிடிப்பாள், ஒட்டுவாள், அன்று வீட்டில் பேச்சு இருக்கும். இதோடு நிறுத்தியிருந்தால்கூட என் பாவம் பாதியாகியிருக்கும். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைத் திருத்தினேன். "அக்கா ஆட்டுக்கு இப்பிடி கால் போட மாட்டா. சூரியனுக்கு மீசை எங்க? மரத்த இவ்வளவு நேரம் போடாத, அவ சட்டுனு போட்டுருவா." நீ ஒவ்வொரு இலையாகப் பார்த்துப் பார்த்து வரைகிறவன். நான் அழித்து அழித்து உன்னை வேகமாக வரைய வைத்தேன். ஒரு நாள் நீ, "அப்பா, இது நான் மாதிரியே இல்லப்பா" என்றாய். "அதான் வேணும்" என்றேன். உனக்கென்று ஒரு கை வந்துகொண்டிருந்தது, முருகேசா. அதை முறுக்கி இன்னொருத்தி கையாக்கப் பார்த்தவன் நான்தான்.

உனக்கும் நாளைக்கு ஒரு குழந்தை வரும். அது எதையாவது கிறுக்கிக்கொண்டு வந்து நீட்டும். கையில் எத்தனை வேலை இருந்தாலும் அதை வாங்கி ஒரு நிமிஷம் பார். நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொல்ல வேண்டாம், இது யாரு, இது என்ன என்று கேள். பேர் எழுதத் தெரியாவிட்டால் கையைப் பிடித்து அதன் பேரையே எழுத வை. அதன் கண் எட்டுகிற உயரத்தில் ஒட்டு. நம் வீட்டில் அம்மா தன் உயரத்துக்கு ஒட்டினாள். நீ எப்போதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுவருஷம் நீ மூன்றாம் வகுப்பு. பள்ளியில் படக் கண்காட்சி வைக்கப் போகிறோம், வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு படம் வரைந்து கொண்டுவாருங்கள் என்று டிராயிங் சார் சொல்லியிருக்கிறார். நீ எங்களிடம் சொல்லவில்லை. கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து ஒரு படம் வரைந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாய். பெல்ட்டில் நிலக்கரி போகிறது, மேலே ஒரு கொக்கு. வரைந்து முடித்ததும் பழக்கத்தில் உன் கை மூலைக்குப் போயிருக்கிறது. 'கோமதி 5-ஆ'.

டிராயிங் சார் கோமதிக்கும் பாடம் எடுத்தவர். அவள் காரியத்துக்கு வந்தவர். அன்று சாயங்காலம் சைக்கிளில் நம் வீட்டுக்கு வந்தார். நான் ஜெனரல் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் சட்டையைக் கழற்றியிருந்தேன். நீ ஹாலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். அம்மா சமையலறையில். அவர் உட்காரவில்லை. படத்தை என் கையில் கொடுத்து, "தப்பா நெனைக்காதீங்க சார். தம்பி இத இன்னைக்குக் குடுத்தான். பேரப் பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி" என்றார். அம்மா வந்து கதவோரம் நின்றாள்.  இத்தனை மாதமாக நான் செய்த வேலை இந்த மனுஷருக்கும் என் பெண்டாட்டிக்கும் ஒரே நேரத்தில் தெரியப்போகிறது என்கிற பயம். அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் எழுந்து உன் கன்னத்தில் அறைந்தேன். "செத்துப்போன புள்ள பேர எழுதி வெளாடுவியாடா?" என்று கத்தினேன்.

நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் உனக்கு விவரிக்க வேண்டியதில்லை. அப்பாதான் வரையச் சொன்னார் என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் தீர்ந்தது. எட்டு வயதில் உனக்கு அது தெரியாமலா இருந்தது? நீ சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "இனிமே வரைய மாட்டேம்பா" என்று மட்டும் சொன்னாய். "வுடுங்க சார், சின்னப் புள்ள, வுடுங்க" என்று சார் பதறிப்போய் உன்னைப் பிடித்துக்கொண்டார். பிறகு படத்தை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சுவரில் இருக்கிற மற்றதையும் நீதான் வரைந்தாயா என்று அம்மா அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை; அவளுக்கு அது தோன்றவில்லை என்றே நினைத்துக்கொண்டேன். நீ கணக்கு நோட்டை மடியில் வைத்து மறுபடியும் எழுத ஆரம்பித்தாய். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். அறிவியல் நோட்டில் பூவின் பாகங்களைக்கூட அச்சுப் படத்தை வெட்டி ஒட்டினாய். பாலிடெக்னிக்கில் டிராயிங் பேப்பர் ஒன்றில் மட்டும் இரண்டு தடவை தோற்றாய். மற்றதிலெல்லாம் நல்ல மார்க். உன் வாத்தியார்களுக்குக் காரணம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

இவ்வளவும் உன் பாதியும் என் பாதியும். இனி அம்மாவின் பாதி.

போன வெள்ளிக்கிழமை அவள் உரித்துக் கொடுக்க, நான் கீழே நின்று வாங்கிப் பாய் மேல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஈரமாக இருந்ததால் அச்சடித்த பக்கம் மேலே வருமாறு போட்டேன். கோமதியின் படங்களுக்குப் பின்னால் பாரம் காலியாக இருந்தது. ஏழாவதோ எட்டாவதோ படத்தைப் போடும்போது பார்த்தேன், 'நேம்' என்று அச்சடித்திருக்கும் கட்டத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தேன். முருகேசன். அம்மாவின் குண்டுகுண்டான எழுத்து. தேதிக் கட்டத்தில் தமிழ் மாதமும் தேதியும். கீழே 'ரிமார்க்ஸ்' கட்டத்தில் ஒரு வரி. மிஷின் படத்துக்குப் பின்னால்: "சக்கரத்தில் பூ வைக்க இவனுக்குத்தான் தோணும்." ஆட்டுப் படத்துக்கு: "கால் ஐந்து. கேட்கக் கூடாது." மழைப் படத்துக்கு: "இதில் மூன்று பேர் குடை பிடித்துப் போகிறோம். நாலாவது குடை தனியாகப் போகிறது." பதினோரு படம். பதினொன்றிலும் உன் பெயர்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் ஸ்டூலில் நின்றபடியே, "மொதப் படத்துலயே தெரியும்" என்றாள். "அவ இடது கை. அவ தீட்டுனா கோடெல்லாம் இந்தப் பக்கம் சாயும். இது அந்தப் பக்கம் சாயுது. பெத்தவளுக்குத் தெரியாதா?" அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அதுதான் இந்தக் கடிதத்தில் உனக்கு வேண்டியது. "கோமதி வரைஞ்சதுன்னு நெனைச்சா அன்னைக்குச் சாப்பிட்டேன்? செத்தவ படம் எத்தன வந்தா எனக்கென்ன? எனக்காக ஒருத்தன் உயிரோட உக்காந்து கலர் தீட்டிக்கிட்டு இருக்கானேன்னுதான் எந்திரிச்சேன். கொய்யா மரத்தடியில நாக்கக் கடிச்சுக்கிட்டு வரைவான், சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். உன் படந்தான்னு எனக்குத் தெரியும்னு சொன்னா வெக்கப்பட்டு நிறுத்திருவான்னு பயந்தேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், தானா அவன் பேரப் போடுவான்னு இருந்தேன்."

அப்போதுதான் நான் அவளிடம் சொன்னேன். இரண்டாவது படத்திலிருந்து எல்லாம் நான் வரையச் சொன்னது, நான் ஒளித்துவைத்தது, நான் திருத்தியது. அவளுக்கு அது தெரியாது. நீயாகவே எல்லாம் செய்தாய் என்றே இத்தனை வருஷமும் நம்பியிருக்கிறாள். கையிலிருந்த ஈரத்துணியைக் கீழே வைத்தாள். "நீங்களா? அப்ப அன்னைக்கு வாத்தியார் முன்னாடி அவன எதுக்கு அடிச்சீங்க?"  அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து தன் ராமாயணப் புத்தகத்தை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து என் முன்னால் போட்டாள். அன்று சார் ஸ்டூலில் விட்டுப்போன கொக்குப் படம். சுவரில் ஒட்டாத பன்னிரண்டாவது படம். திருப்பிப் பார்த்தேன். நேம்: முருகேசன். ரிமார்க்ஸ்: "பிள்ளை அழவில்லை."

இரண்டு நாள் அவள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவனுக்கு எழுதுங்க. நான் சொன்னதையும் எழுதுங்க. உங்களுக்குச் சாதகமா எதையும் விட்றாதீங்க" என்றாள். எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. உனக்குச் சொல்வதற்கு முன்னால் இன்னொருவரிடம் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது.

டிராயிங் சார் ரிட்டயர் ஆகி நெல்லிக்குப்பத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். விசாரித்துக்கொண்டு திங்கட்கிழமை பஸ் ஏறிப் போனேன். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசையாக நிற்கிற ரோட்டில்தான் வீடு. ஒரு கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் போட்டிருந்தார். யார் என்று தெரியவில்லை. பெயரைச் சொன்னேன், பெல்ட் செக்ஷன் என்றேன், கோமதி அப்பா என்றேன். "அட, வாங்க சார், வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். "சார், அன்னைக்குப் பையன் மேல தப்பு இல்ல. அக்கா பேர்ல வரையச் சொன்னது நான்தான். உங்க முன்னாடி அத மறைக்கத்தான் அவன அடிச்சேன்." பதினைந்து வருஷமாக வாயில் வராத வார்த்தை, சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "நான் இன்னாத்துக்கு வந்தேன்னு நீங்க கேக்கவே இல்லையே சார்" என்றார். எனக்குப் புரியவில்லை. "கண்டிக்கவா வந்தேன்? அந்தப் பொண்ணு கை எனக்குத் தெரியும், கடகடன்னு ஓடும். இந்தக் கை நின்னு நின்னு, பாத்துக்கினு பாத்துக்கினு போவுது. இவன் வேற கைன்னு படத்தப் பாத்ததுமே தெரிஞ்சிபோச்சி. அந்தக் கொக்குக்கு இறக்கையில ஒவ்வொரு இறகா போட்டிருந்தான் சார், மூணாங்கிளாஸ் புள்ள. தம்பி பேரத் திருத்திப் போடச் சொல்லுங்க, கண்காட்சியில மொத படமா வாசல்ல மாட்டணும்னு சொல்லிக்கினு போலாம்னுதான் வந்தேன். நீங்க எங்க சொல்லவுட்டீங்க?" அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வரும்போது வாசல்வரை வந்து, "இப்ப வரையிறானா சார்?" என்று கேட்டார். நான் செருப்பை மாட்டுகிறவன்போலக் குனிந்துகொண்டேன்.

நீ வரைய வேண்டும் என்று இதை எழுதவில்லை. அதைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை. வரைவதும் வரையாததும் உன் இஷ்டம். இரண்டே விஷயம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தச் சுவரில் உனக்கு இடமே இல்லை என்று நினைத்துக்கொண்டு நீ வளர்ந்தாய். உன் பெயர் அங்கே பதினோரு இடத்தில் இருந்தது, சுவர்ப் பக்கம் திரும்பி. அம்மாவை எழுப்பி உட்கார வைத்தது அக்காவின் பெயர் என்று நாம் இருவரும் நம்பினோம். அவள் எழுந்தது உனக்காக.

வெள்ளிக்கிழமை லாரி சொல்லியிருக்கிறேன். வடக்குத்தில் கட்டியிருக்கிற வீட்டில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. இரண்டு ரூம், ஒரு ஹால், பின்னால் ஒரு பலா மரம், போன வருஷமே காய்த்தது. கிழக்குப் பார்த்த ரூம் உனக்கு. நீ எப்போது வந்து தங்குவாய் என்று தெரியாவிட்டாலும் அதில் நாங்கள் சாமான் எதையும் போடப் போவதில்லை. உன் படங்களில் மூலையில் இருக்கிற பெயரை என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டேன். "நாம தொடக் கூடாது. அது அவன் எழுதுனது" என்றாள்.

அடுத்த லீவுக்கு வா. கோபத்தோடு வந்தாலும் வா. என்னோடு பேசாமல் அம்மாவோடு மட்டும் பேசிவிட்டுப் போனாலும் பரவாயில்லை, பக்கத்து ரூமில் உன் குரல் கேட்டால் போதும். எந்த ரயில், எந்தத் தேதி என்று ஒரு கார்டு போடு. பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் காலையிலேயே வந்து நிற்பேன். என் தலை முழுக்க நரைத்துவிட்டது, கூட்டத்தில் அடையாளம் தெரியாமல் போய்விடாதே. நீ பஸ்ஸை விட்டு இறங்கியதும் உன் முன்னால் நின்று, அன்று ஹாலில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டியதை என் வாயால் சொல்ல வேண்டும். கடிதத்தில் எழுதிவிட்டேன்தான். ஆனாலும் நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை ஒரு தடவை சொல்ல வேண்டும், முருகேசா.

உன் அப்பா